துண்டுக்குள் பேச முடியாத டிக்கெட்

அய்யலூர்,
18.5.2008

அன்புள்ள மாப்பிள்ளை மணிமாறனுக்கு, உன் அக்காள் புருஷன் ஆண்டிச்சாமி எழுதிக்கொண்டது. நான், உன் அக்காள் அய்யம்மாள், மகள் பவித்ரா மூவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். கிரிக்கெட் ஆடுகிற பயல்களின் சுகத்தை விசாரிக்க வேண்டியதில்லை, நான் அழுத காசிலேயே சுகமாக இருப்பார்கள். போனில் பேசினால் உன் அக்காள் காதில் விழும் என்றுதான் இந்தக் கடிதம்.

"டிவில என்னத்தப் பாக்குறீங்க மச்சான், மெட்ராசுக்கு வந்து நேர்ல பாருங்க"ன்னு உசுப்பேத்தியது நீ. மேட்ச் அன்றைக்கு டூட்டி என்று கழன்றுகொண்டதும் நீ. மைதான வாசலில் ஒருத்தன், ஆயிரம் ரூபாய் டிக்கெட்டை "ரெண்டாயிரம், ரெண்டாயிரம்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூவுகிறான். நாலு பேர் காதுபட விலை சொல்கிறவனெல்லாம் ஒரு வியாபாரியா? முப்பது வருசமாக ஆட்டுத் தரகு பார்க்கிறவன் நான். சந்தையில் செய்கிற மாதிரி அவன் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே ஒரு விரலை அமுக்கினேன். ஆயிரம் என்று அர்த்தம். அந்தக் கூறுகெட்ட பயல், "யோவ், கைய விடுய்யா"ன்னு கத்திவிட்டு ஓடிவிட்டான். போலீஸ்காரர் வந்து என்னைப் பிடித்தார். "துண்டுக்குள்ள என்னய்யா மறைக்கிற?" "வெலைங்கய்யா" என்றேன். துண்டை வாங்கி உதறிப் பார்த்துவிட்டு, போய்த் தொலை என்று விட்டார். அப்புறம் வேறொருத்தனிடம் ரெண்டாயிரத்து இருநூறு.

உள்ளே போகும்போது உன் அக்காள் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றையும் தண்ணீர்ப் பாட்டிலையும் கேட் காவல்காரன் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். உள்ளே ஒரு டம்ளர் தண்ணி முப்பது ரூபாயாம், தூ! என் சீட்டுக்கு முன்னால் ஒரு தூண். பந்தும் தெரியலை, அடிக்கிறவனும் தெரியலை. பக்கத்தில் இருந்தவனெல்லாம் மேலே தொங்குன பெரிய டிவியைத்தான் பாக்குறான். டிவி பாக்கவா மாப்ளே நான் கிடாயை வித்தேன்?

சொல்லவே கூசுது. பவித்ரா காதுகுத்துக்குக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டோமே, அந்தக் கருங்கிடாய்தான். சந்தையில் ஆட்டு வியாபாரி சடையாண்டிக்கு ஐயாயிரத்துக்குத் தள்ளிவிட்டேன். உன் அக்காளிடம் தொப்பம்பட்டியில் தெரிந்தவர் மந்தையோடு மேயுது என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஆனி மாசம் பிள்ளையை உன் மடியில் உட்கார வைக்கும்போது கிடாய் எங்கே என்று கேட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? தாய்மாமன் நீ, உசுப்பேத்தினவனும் நீ. அதே மாதிரி ஒரு கருங்கிடாய் வாங்கிக்கொண்டு வந்து என் மானத்தைக் காப்பாத்து.

கருப்பசாமி உன்னை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளட்டும். என் பக்கம் மட்டும் இப்போதைக்குத் திரும்பாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆண்டிச்சாமி

பி.கு: தம்பி, அக்கா எழுதுறேன். கவர ஒட்டச் சொல்லி ஒன் மச்சான் என்கிட்டதான் குடுத்தாரு, நான் படிக்க மாட்டேன்னு நெனப்பு. அவரு கெடாயப் பிடிச்சுட்டுக் கெளம்பும்போதே விக்கத்தான் போறாருன்னு எனக்குத் தெரியும். என் சீட்டுப் பணத்தக் குடுத்து சடையாண்டி அண்ணன வாங்கச் சொன்னதே நாந்தான். கெடா அந்த அண்ணன் ஆட்டுக் கொட்டத்துல பத்திரமா நிக்குது. நீ ஒண்ணும் வாங்கிராத. காதுகுத்து வரைக்கும் மனுசன் பயந்துக்கிட்டே கெடக்கட்டும். அடுத்த மேட்சுக்கு ரெண்டு டிக்கெட் எடு, தூண் இல்லாத பக்கமாப் பாத்து. நானும் பவித்ராவும் வாரோம். ஒன் மச்சான் இங்கன ஆடு மேய்ப்பாரு.