ஒன்பதும் பதினொன்றும்

மார்ச் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. மழையா வெயிலா என்று வானம் முடிவெடுக்காமல் நின்றது. உள்ளே, சற்றுமுன் பதினொன்றாம் பதிப்புக்கு உயர்த்திய கம்பைலர் மீண்டும் ஒன்பதாம் பதிப்பாக உட்கார்ந்திருப்பதை நிரலாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும் வடிவில் மாற்றித் தருவது கம்பைலரின் வேலை. அவர் கட்டி முடிக்க வேண்டிய நிரல் நூலகமோ, அதாவது மற்ற நிரல்கள் எடுத்தாளும் தொகுப்போ, பதினொன்றைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காது.

இன்றே அது முடிந்தாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் இங்கே. மனைவி அதே நிறுவனத்தின் இன்னொரு கிளையில், ஓர் இரவு ரயில் தூரத்தில். மேலாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "நூலகத்தை முடிச்சுக் குடுங்க. சாயங்காலமே உங்க மாற்றல்ல கையெழுத்துப் போடறேன்." மனைவியிடம் அவர் மூச்சு விடவில்லை. பெட்டியோடு வாசலில் போய் நின்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"சார், நிஜமாவே மாத்தினீங்களா?" என்றார் பக்கத்து மேசைக்காரர். மென்பொருளைப் பரிசோதிப்பவர், அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் சந்தேகம்.

"இந்தக் கையாலதான் மாத்தினேன்."

"கனவா இருந்தா?"

மறுபடி மாற்றினார். மறுபடி ஒன்பது. எரிச்சலைவிட ஆர்வமே அவருக்கு மேலோங்கியது. தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தார். இயந்திரத்தை அணைத்து எழுப்பினார். ஒன்பது அசையவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே பதினொன்றாக்கும் நிரல் ஒன்றை எழுதி வைத்தார். இயந்திரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்பதுக்கு மாறத் தொடங்கியது. பொறுமை இழந்து ஒன்பதை அடியோடு அழித்தார். சிறிது நேரத்தில் ஒன்பது திரும்பி வந்தது, பதினொன்றைத்தான் காணவில்லை.

"பேய்க்குக் கம்பைலர் எல்லாம் தெரியுமா சார்?"

"இந்தப் பேய்க்கு நல்லாவே தெரியுது. என்னைவிடச் சுத்தமா வேலை செஞ்சிருக்கு."

பதினொன்றை மீண்டும் நிறுவி, கடைசிப் பொத்தானை அழுத்தவிருந்த நேரத்தில் மனைவியின் அழைப்பு வந்தது.

"சாப்டியாம்மா?"

"எங்கங்க சாப்பிடறது? தலைக்கு மேல வேலை. நீங்க?"

"எனக்கும் அதே கதைதான்" என்றபடி பொத்தானை அழுத்தினார்.

"அய்யய்யோ, மறுபடியுமா!"

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க. அப்புறம் பேசறேன்."

அவள் அலுவலகத்தில் லிஃப்ட் அடிக்கடி பாதியில் நின்றுவிடும். பாவம், மாட்டிக்கொண்டாள் போலிருக்கிறது என்று வருந்திவிட்டுத் திரும்பினால், திரையில் ஒன்பது.

"சார், ஒரு சந்தேகம்" என்றார் சந்தேகம். "இந்த மெஷின் நம்ம கிளைக்கு மட்டும்தானா?"

நிரலாளர் நிமிர்ந்தார். எல்லாக் கிளைகளும் தொலைவிலிருந்து நுழைந்து வேலை செய்வது ஒரே இயந்திரத்தில். அதில் எல்லாருக்கும் ஒரே பயனர் பெயர். சிக்கனம் நிறுவனத்தின் கொள்கை. ஆக, அந்தப் பக்கம் இருப்பது பேயல்ல, ஆள்.

இயந்திரத்துக்குள் நுழைவோர் முதலில் காணும் திரையில் எழுதினார்: 'பதினொன்றை மாற்றிக்கொண்டிருக்கும் அன்பருக்கு: என் வாழ்க்கையே இதில்தான் இருக்கிறது. தயவுசெய்து கைவைக்காதீர்கள்.'

பதில் உடனே வந்தது: 'ஒன்பதை மாற்றிக்கொண்டிருக்கும் அன்பருக்கு: என் வாழ்க்கையும்தான்.'

நெடுநேரம் யோசித்து எழுதினார்: 'மூன்று மணி வரை நான், பிறகு நீங்கள். சம்மதமா?'

'சம்மதம். இதைக் காலையிலேயே கேட்டிருக்கலாம்.'

"நல்ல மனுஷன்" என்றார் நிரலாளர்.

"மனுஷன்தானா?" என்றார் சந்தேகம்.

மூன்று மணிக்குள் நூலகம் ஒரு பிழையுமின்றிக் கட்டப்பட்டது. சொன்ன சொல் மாறாமல் அவரே தம் கையால் ஒன்பதைத் திரும்ப வைத்து, 'நீங்களும் ஜெயிக்க வாழ்த்துகள்' என்று எழுதிவிட்டு எழுந்தார்.

மாலையில், மாற்றல்களைக் கவனிக்கும் நிர்வாகப் பிரிவுப் பெண் அவர் மேசைக்கே வந்தாள். கையில் ஆணை, அதில் மேலாளரின் மை காயாத கையெழுத்து.

"உங்களுக்கு நல்ல நேரம் சார். பதிலுக்கு ஆள் வராம இங்க யாரையும் விடமாட்டாங்க. நீங்க போற கிளையிலேர்ந்தே ஒரு மேடம் உங்க இடத்துக்கு வராங்க. ஏதோ ஒன்பதாம் வெர்ஷனாம். காலையிலேர்ந்து மல்லுக்கட்டி இப்பதான் முடிச்சுக் குடுத்தாங்களாம். அவங்க ஆணையிலயும் கையெழுத்தாயிடுச்சு."

ஆணையை வாங்கிக்கொண்டே அவர் சிரித்தார். "அவங்கதானா அது! அப்படி என்ன அவசரமாம் அவங்களுக்கு?"

"வீட்டுக்காரர் இந்தக் கிளையிலதான் வேலை பார்க்கிறாராம் சார். சொல்லாம கொள்ளாம வந்து நிக்கணும்னு ஆசையாம்."