லென்ஸை நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூர்,
18-9-2006

ஹேவ்லாக் தீவில் ஆட்களைக் கடலுக்குள் முக்கி, பத்திரமாக மேலே கொண்டுவரும் உத்தியோகத்தில் இருக்கும் என் அருமைப் புத்திரி சிரஞ்சீவி அம்ருதாவுக்கு,

அப்பா ஸ்ரீகண்டன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. உன் சௌக்கியத்தைக் கேட்கப்போவதில்லை. கேட்டால் மீன் படம்தான் அனுப்புவாய்.

நீ கேட்ட லென்ஸ் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நோரா ஆன்ட்டி சிங்கப்பூரில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மறக்காமல் வாங்கிவந்தார். உடனே கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அது முடியாது. மராமத்து இலாகாவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஒரு மண்வெட்டியைக்கூட, வாங்குகிறவர் நேரில் வந்து, சோதித்துப் பார்த்து, கையெழுத்துப் போடாமல் நான் ஒப்படைத்ததில்லை. மகள் என்பதற்காக நடைமுறையை மாற்ற முடியுமா? தீபாவளிக்கு நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். லென்ஸ் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. சாவி என் பூணூலில் இருக்கிறது.

அப்பாவுக்கு லென்ஸைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிப்பாய். போன மாதம் நீ எழுதியிருந்தாய் அல்லவா, அரிசி மணி அளவுள்ள கடல் நத்தை படத்தில் பஞ்சுத் தூசி மாதிரி விழுகிறது, ஜூம் செய்தால் கேமரா கிட்டத்தில் ஃபோகஸ் ஆகமாட்டேன் என்கிறது, ஜூம் இல்லாமல் கிட்டே போனால் கேமராவின் நிழல் விழுந்து நத்தை சுருண்டுகொள்கிறது என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இங்கே விட்டுப்போன பழைய கேமராவையும் அதன் தண்ணீர் புகாத பெட்டியையும் எடுத்தேன், பெட்டியின் முகப்பில் என் பூதக்கண்ணாடியை ரப்பர் பேண்டால் கட்டினேன், ஒரு தட்டில் ராகியைப் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு மணியும் நெல்லிக்காய் அளவுக்குத் தெரிந்தது, ஆஹா என்று தட்டோடு கேமராவைச் சமையலறை அண்டாவுக்குள் இறக்கினேன், ராகி பழையபடி ராகியாகவே ஆகிவிட்டது. கண்தான் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது. காற்றில் வேலை செய்கிற சாதாரணக் கண்ணாடி, இரண்டு பக்கமும் தண்ணீர் சூழ்ந்தால் தன் சக்தியில் முக்கால்வாசியை இழந்துவிடுமாம். அதற்குள் உன் அம்மா வந்துவிட்டாள்.

"ஏன்னா, குடிக்கிற ஜலத்துலயா கேமராவை முக்கறேள்? நாளைக்கு வரைக்கும் தண்ணி கிடையாது, தெரியுமோ?"

அண்டா கொல்லைப்புறத்துக்குக் கடத்தப்பட்டது. நோரா ஆன்ட்டியின் லென்ஸ் வந்ததும் அங்கேயே சோதனையைத் தொடர்ந்தேன். இதன் உள்ளே காற்றை அடைத்துவைத்திருக்கிறார்கள், அதனால் தண்ணீரிலும் அசரவில்லை. பெட்டியின் முகப்பில் மாட்டி, ஜூமை முழுக்க இழுத்துவிட்டுப் பார்த்தால் ஒரே ஒரு ராகி மணி திரை முழுக்க உட்கார்ந்துகொண்டது! அதன் தோலில் இருக்கும் சொரசொரப்பைக்கூடப் பார்த்தேன். ஆனால் அம்ருதா, இதில் ஒரு கஷ்டம். ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில்தான் தெளிவு. கொஞ்சம் தள்ளினாலும் மங்கல், நெருங்கினாலும் மங்கல். பொத்தானோடு மல்லுக்கட்டாமல், கேமராவை இம்மி இம்மியாக முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவு வரும் இடத்தில் அமுக்க வேண்டும். இதையெல்லாம் கடிதத்தில் எழுதிப் புரியவைக்க முடியுமா? நேரில்தான் காட்ட வேண்டும்.

நான் அண்டாவுக்குள் கையை விட்டுக்கொண்டு குனிந்திருந்தபோது நோரா ஆன்ட்டி மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், ரொம்ப நேரமா குனிஞ்சிட்டே இருக்கீங்க? பொண்ணு ஞாபகமா?"

"ராகி பார்க்கிறேன்" என்றேன். அவர் நம்பவில்லை.

நீ அனுப்பிய படங்களை எல்லாம் சிவாஜிநகர் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் நத்தை, இறால், ஏதோ ஒரு மீனின் கண். ஒன்றில் மட்டும் ஓரத்தில் உன் கட்டைவிரல் விழுந்திருக்கிறது. நகத்தைப் பார்த்தால் சரியாகச் சாப்பிடுவதாகத் தெரியவில்லை. இரண்டு தீபாவளி ஆயிற்று, அம்ருதா. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

ஆகவே தீபாவளிக்கு வரவும், லென்ஸைப் பெற்றுக்கொள்ளவும், கையெழுத்திடவும். எத்தனை ஆழத்துக்குப் போனாலும் மூச்சு நிறைய இருந்து, சிரித்த முகமாக மேலே வர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா

பி.கு.: உறையை ஒட்டப் பசை கேட்டபோதுதான் உன் அம்மா வாயைத் திறந்தாள். லென்ஸை முந்தாநாளே பருப்புப்பொடி டப்பாவுக்குள் வைத்து உனக்குக் கூரியர் செய்துவிட்டாளாம். நான் குளிக்கும்போது பூணூலைத் தேய்ப்பதற்காகச் சாவியைக் கழற்றி வைப்பது அவளுக்குத் தெரியும். "குழந்தை ஆசையா கேட்டா. உங்க கையெழுத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு அனுப்பிட்டேன்" என்கிறாள். இரண்டு நாளாக பீரோவில் லென்ஸின் காலி உறையைத்தான் காவல் காத்திருக்கிறேன். சொல்லிவிட்டுச் சமையலறையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். கேட்டால் வெங்காயம் நறுக்கினாளாம். இன்று ஏகாதசி, வீட்டில் வெங்காயமே கிடையாது. ஆகையால் மேலே எழுதிய காரணம் எதுவும் இனிச் செல்லாது. உனக்குக் கொடுக்க என் கையில் ஒன்றும் இல்லை. சும்மா வா.