கேப்டன் எங்கேயும் போக மாட்டார்

ஐம்பது பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று கிளம்ப வேண்டுமானால், அதன் முன்பக்கத்தில் இரண்டு விமானிகள் உட்கார்ந்திருக்க வேண்டும். இது எல்லா விமானக் கம்பெனிகளும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட கொள்கை. அந்த ஊர் விமான நிலையத்தில் சிவப்பு வால் கம்பெனி, நீல வால் கம்பெனி என்று இரண்டு இருந்தன. இரண்டிலும் விமானங்களுக்குக் குறைவில்லை. முன்பக்கத்தில் உட்காரத்தான் ஆள் போதவில்லை. அதனால் ஒன்றின் ஆளை மற்றது இழுப்பதும், இழுத்துக்கொண்டு போன ஆளைத் திரும்ப இழுத்துக்கொண்டு வருவதுமாக இரண்டு கம்பெனிகளும் ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தன.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று சிவப்பு வால் கம்பெனி 'தக்கவைப்புப் பிரிவு' ஒன்றைத் தொடங்கியது. போகிறேன் என்று சொல்லும் விமானியை மெத்தை நாற்காலியில் உட்கார வைத்து, 'போகாதீர்கள்' என்று எழுதிய கேக்கை வெட்டி, தக்கவைப்பு ஊக்கத்தொகை கொடுப்பது அதன் பணி. பிரிவில் பதினோரு பேர். விமானங்கள் ஆளில்லாமல் நின்றாலும், இந்தப் பிரிவில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருந்ததில்லை.

நம் கேப்டன் அந்தக் கேக்கில் ஒரு துண்டுகூடத் தின்றதில்லை. காலை பத்து மணிக்குக் கிளம்பி, நாலு ஊர் தொட்டு, மாலை ஐந்துக்குத் திரும்பும் விமானத்தைப் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறவர். மனைவி மருத்துவமனையில் இரவுப் பணி நர்ஸ். ஆறு வயது மகளைக் காலை எட்டரைக்கு அப்பாவிடமிருந்து அம்மா பொறுப்பேற்பார். மாலை ஆறரைக்கு வாசலிலேயே திரும்ப ஒப்படைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். ஐந்து நிமிஷம் தவறினால் பஸ் போய்விடும். குடும்பமே அந்த ஐந்து மணி விமானத்தை நம்பித்தான் ஓடியது.

இவரோடு வேலை பார்த்த இன்னொருவருக்குப் 'பெட்டி கேப்டன்' என்று பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சக்கரம் வைத்த பெட்டியோடு தக்கவைப்புப் பிரிவின் வாசலில் வந்து நின்று, "அப்ப நான் வர்றேன்" என்பார். அவ்வளவுதான். பதினோரு பேரும் எழுந்து ஓடிவருவார்கள். ஒரே வருஷத்தில் நாலு கேக்.

நம் கேப்டனுக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஒருநாள் தக்கவைப்பு அதிகாரி அம்மாளிடம் போய்க் கேட்டேவிட்டார்.

"பதினெட்டு வருஷமா இருக்கேன் மேடம். எனக்கு ஒண்ணும் கிடையாதா?"

"இருக்கீங்க சார். அதான் சிக்கல்" என்றார் அதிகாரி, உண்மையான வருத்தத்தோடு. "இது போறவங்களை இருக்க வைக்கற தொகை. இருக்கறவரை எப்படி இருக்க வைக்கறது?"

"அப்ப நானும் போறேன்னு எழுதிக் குடுக்கட்டுமா?"

"தாராளமா. ஆனா வெளியேறும் வாய்ப்பு மதிப்பீட்டுக் குழு நேர்ல பார்த்து, நீங்க நிஜமாவே போகக்கூடியவர்தான்னு சான்று தரணும்."

மனைவி அன்றே பயிற்சி ஆரம்பித்தார். "சிரிக்காதீங்க. கேட்டதுக்கு உடனே பதில் சொல்லாதீங்க. நடுநடுவுல ஜன்னலைப் பாருங்க. போறவங்க கண்ணு ஜன்னல்லதான் இருக்கும்."

கேப்டன் ஜன்னலைப் பார்த்தார். மகள் அவரையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா எப்பவும் போலத்தான் இருக்கார்" என்று தீர்ப்பு சொன்னாள்.

குழுவில் மூன்று பேர். ஒருவர் கேட்பார், ஒருவர் கவனிப்பார், ஒருவர் எழுதுவார்.

"வேற கம்பெனிக்குப் போற எண்ணம் உண்டா?" என்றார் கேட்பவர்.

சொல்லிக் கொடுத்தபடி கேப்டன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். வெளியே அவருடைய விமானம் நின்றுகொண்டிருந்தது. "முன்சக்கரத்துல காத்து கம்மியா இருக்கற மாதிரி தெரியுதே. யாரையாவது பாக்கச் சொல்லுங்க" என்றார்.

கவனிப்பவர் எழுதுபவரைப் பார்த்தார். எழுதுபவர் எழுதினார்.

"கம்பெனி மேல ஏதாவது அதிருப்தி?"

"காப்பி மெஷின் நாலு மாசமா கெட்டுக் கிடக்கு. படிக்கட்டுல விளக்கு எரியலை. சீக்கிரம் சரி பண்ணா எல்லாருக்கும் நல்லது."

பேட்டி முடிந்ததும் நாற்காலியை மேஜைக்கடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டு, போகிற வழியில் காத்திருப்பு அறையில் வீணாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் போனார். மறுநாள் அறிக்கை வந்தது. 'மேற்படி கேப்டன் குறைகளைச் சரிசெய்யச் சொல்கிறார். போகிறவர் குறை சொல்வதில்லை. எனவே இவர் எங்கேயும் போக மாட்டார் எனக் குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது. வெளியேறும் வாய்ப்பு: பூஜ்யம்.'

ஊக்கத்தொகை போனது போகட்டும் என்று கேப்டன் மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அடுத்த வாரப் பணிப்பட்டியலை அவர் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. பத்து மணி விமானம் பெட்டி கேப்டனுக்குப் போயிருந்தது. இவருக்கு மாலை நாலு மணிக்குக் கிளம்பி, வெளியூரில் தங்கி, மறுநாள் மதியம் திரும்பும் விமானம்.

நேரே அதிகாரியிடம் ஓடினார். "என் விமானத்தை ஏன் மேடம் மாத்தினீங்க?"

"அவர் சாயங்காலம் டென்னிஸ் கத்துக்கணுமாம் சார். குடுக்கலைன்னா போயிடுவார். நீங்க போக மாட்டீங்க. குழுவே சொல்லிருச்சு."

"ராத்திரி என் பொண்ணைப் பாத்துக்க ஆள் கிடையாது மேடம்."

"உங்க விசுவாசத்தைக் கம்பெனி ஒரு அரிய வளமா மதிக்குது" என்றார் அதிகாரி. "வளம்னு இருந்தா பயன்படுத்தத்தானே சார் வேணும்."

கேப்டன் அங்கேயே ஒரு தாளை வாங்கி ராஜினாமா எழுதி நீட்டினார். அதிகாரி படித்தார், சிரித்தார், பரிவோடு திருப்பிக் கொடுத்தார்.

"இது செல்லாது சார். உங்க கோப்புல பூஜ்யம்னு இருக்கு. இதை ஏத்துக்கிட்டா குழுவோட தீர்மானம் தப்புன்னு ஆயிடும்."

"நான் நிஜமாவே போறேன்."

"பாத்தா அப்படித் தெரியலையே. இப்பக்கூட எந்திரிச்சதும் நாற்காலியை மேஜைக்கடியில தள்ளி வச்சிட்டீங்க."

கேப்டன் குனிந்து பார்த்தார். உண்மைதான். நாற்காலியை வெளியே இழுத்து, வேண்டுமென்றே கோணலாகப் போட்டுவிட்டு வெளியேறினார்.

எதிரே நீல வால் அலுவலகம். நடுவில் ஒரு நடைபாதைதான்.

"எங்ககிட்ட எவ்வளவு நாள் இருப்பீங்க?" என்று கேட்டார் அங்கிருந்த மேலாளர்.

கேப்டன் பட்டுத் தெளிந்தவர். "ஆறு மாசம் தாங்கினாலே அதிகம்" என்றார்.

மேலாளர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படி ஒருத்தரைத்தான் சார் தேடிட்டிருந்தோம். உங்களைத் தக்கவைக்க நாங்க என்ன செய்யணும்?"

"சாயங்காலம் ஆறரைக்கு நான் வீட்டுல இருக்கணும்."

"எங்க பத்து மணி விமானமும் அஞ்சுக்கு வந்துரும். அது உங்களுக்கு."

"அங்க என் ராஜினாமாவை ஏத்துக்கலையே?"

"அப்ப அவங்க கணக்குப்படி நீங்க இன்னும் போகலை. போகாத ஆளை யாரால சார் தடுக்க முடியும்?"

திங்கட்கிழமையே கேப்டன் நீலத் தொப்பியோடு பறந்தார். ஐந்துக்கு இறங்கி, புறப்பாட்டுக் கூடத்தின் வழியாக வேகமாக நடந்தார். அங்கே சிவப்பு வாலின் நாலு மணி விமானத்துக்கு முப்பத்தெட்டுப் பேர் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். போர்டில் 'சரியான நேரத்தில்' என்று எழுதியிருந்தது. எங்கேயும் போகாத கேப்டன் பெயரில் இருக்கும் விமானம் தாமதமாவதற்கு விதிகளில் இடமில்லை.

பல வருஷமாக அவர் விமானத்தில் வரும் கல்லூரி ஆசிரியை ஒருவர் முன்வரிசையில் இருந்தார். கேப்டனுக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா, இந்த விமானம் கிளம்பாது. ஓட்ட ஆளில்லை."

"போர்டுல உங்க பேர் இருக்கே. நீங்கதான் வந்துட்டீங்களே" என்றார் ஆசிரியை.

"நான் இப்ப நீல வால்மா. அதே ஊருக்கு ஆறு மணிக்கு எங்க விமானம் ஒண்ணு இருக்கு. புதுசா வர்றவங்களுக்குப் பாதி விலை."

"பாதியா? நான் இதுக்கு ஒண்ணரை மடங்கு குடுத்திருக்கேன். ரொம்ப வருஷமா வர்றவங்களுக்குன்னே தனி விலைன்னு சொன்னாங்க."

"அப்ப வாங்க, எல்லாருமே வாங்க. இடம் இருக்கு."

ஒருவரும் அசையவில்லை. ஆசிரியை பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவருடைய நீலத் தொப்பியையே பார்த்தார். "இத்தனை வருஷம் இருந்துட்டு நீங்க இப்படிப் போயிருக்கக் கூடாது சார்" என்றார். முப்பத்தெட்டுப் பேரும் ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.

கேப்டனுக்கு வெட்கமாகிவிட்டது. எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். கூடத்தின் வாசல் கதவைத் தாண்டும்போது, பின்னால் ஆசிரியை பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"நாமளும் போயிட்டா, பாவம், அந்தக் கம்பெனிக்குன்னு வேற யார் இருக்கா?"