ஃப்ளஷ் தொட்டியில் மிளகாய் சாஸ்

என் வாய் செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஆள் மட்டும் உயிரோடு இருந்தேன்.

வயிற்றில் புண். ஆறு மாதம் காரம் கூடாது என்றார் டாக்டர். என் மனைவி அதை ஆயுள் தண்டனையாக மாற்றிவிட்டாள். மேல்முறையீடு கிடையாது. அன்றிலிருந்து வேகவைத்த பூசணி, வேகவைத்த கேரட், வேகவைத்த ஏதோ ஒன்று. எனக்குப் பல் இருப்பதே வீண்.

நான் பிளம்பர். முப்பத்தெட்டு வருட அனுபவம். போகிற வீடுகளில் சமையலறைக் குழாயைக் கழற்றும்போது அடுப்பில் மிளகாய் வதங்கும். வீட்டுக்காரர்கள் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறப்பார்கள். "மூடுங்க, தூசி வருது" என்பேன். ஐந்து நிமிட வேலையை அரை மணி நேரம் பார்ப்பேன். மூக்கு நிறைய வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அங்கே பூசணி காத்திருக்கும்.

நான் பெரிதாக என்ன கேட்டேன்? காதில் புகை வர வேண்டும். உச்சி வேர்க்க வேண்டும். மூக்கைத் துடைத்துக்கொண்டே "இன்னும் கொஞ்சம்" என்று தட்டை நீட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஒருநாள் முடிவு செய்தேன். நானே மிளகாய் சாஸ் செய்வேன். அவளுக்குத் தெரியாமல்.

மாடி வீட்டில் ஒரு ஹோட்டல் சமையற்காரர் இருக்கிறார். அவர் சாஸுக்காகவே அங்கே கூட்டம் வருமாம். போய் நின்றேன்.

"தம்பி, நல்ல சாஸுக்கு என்ன வேணும்? சுருக்கமா சொல்லு."

"காரம் மட்டும் இருந்தா அது சாஸ் இல்லண்ணே, அடி. மிளகாய் செடியிலயே பழுத்திருக்கணும். பூண்டும் உப்பும் போட்டு நசுக்கி ரெண்டு வாரம் புளிக்க விடணும். அப்புறம்தான் வினிகர். நாக்குல வெச்சா முதல்ல வாசனை வரணும், அடுத்து புளிப்பு, கடைசியிலதான் சுள்ளுனு ஏறணும்."

"ரெண்டு வாரமா? நாளைக்கே ஆகாதா?"

"அவசரப்பட்டா மிளகாய்த் தண்ணிதான் கிடைக்கும். அப்புறம் இன்னொண்ணு..."

இன்னொன்றைக் கேட்க எனக்கு ஏது பொறுமை? இறங்கி வந்துவிட்டேன்.

அவள் கடைக்குப் போன நேரத்தில் ஒரு கிலோ மிளகாயை நசுக்கினேன். கண்ணாடி ஜாடியில் அடைத்தேன். ஜாடியின் மரையில் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை ஏழு சுற்றுச் சுற்றி, மூடியை முறுக்கினேன். நான் போட்ட ஜாயின்ட் இதுவரை கசிந்ததில்லை. வாசனை வெளியே வந்தால்தானே மாட்டுவேன்?

பின்கட்டில் ஒரு புது ஃப்ளஷ் தொட்டி கிடந்தது. நிறம் பிடிக்கவில்லை என்று ஒருவர் திருப்பிக் கொடுத்தது. ஜாடியை அதற்குள் வைத்தேன். எந்தப் பெண்பிள்ளை ஃப்ளஷ் தொட்டியைத் திறந்து பார்ப்பாள்?

நாட்களை எண்ணினேன். எனக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்தபோதுகூட இப்படி எண்ணவில்லை. பூசணியை விழுங்கும்போது ஜாடியை நினைத்துக்கொள்வேன். தானாகச் சிரிப்பு வரும்.

"என்னங்க, பூசணி பிடிச்சுப்போச்சா?"

"பிரமாதம்."

பத்தாம் நாள் மாடிப்படியில் சமையற்காரர் மறித்தார்.

"அண்ணே, தினமும் மூடியைத் திறந்து காத்து விடுறீங்கல்ல?"

"காத்தா? என்ன காத்து?"

"ஐயோ! புளிக்கும்போது உள்ளே காத்து அடைக்கும்ணே! எதை வெச்சு மூடுனீங்க?"

"டேப்பு. ஏழு சுத்து."

அவர் இரண்டு படி பின்வாங்கினார். "அது ஜாடி இல்லண்ணே. வெடிகுண்டு."

ஓடினேன். ஹெல்மெட் மாட்டினேன். ஈரக் கோணியைப் போர்த்திக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டேன். மூடியைத் திருகினேன். புஸ்ஸென்றுகூட இல்லை. சமர்த்தாகத் திறந்தது.

மரையைப் பார்த்தேன். டேப் சுருண்டு கிடந்தது. எதிர்த் திசையில் சுற்றியிருந்தது. மூடியை முறுக்கினால் சுருண்டுதான் போகும். என் கை தூக்கத்தில்கூட அப்படிச் சுற்றாது.

ஜாடியில் இரண்டு விரல் அளவு சரக்கும் குறைந்திருந்தது.

"ஹெல்மெட் எதுக்குங்க?"

பின்னால் நின்றாள். இடுப்பில் கை.

"சும்மா."

"தினமும் காலைல திறந்துவிட்டேன். இல்லேன்னா பின்கட்டே பறந்திருக்கும்."

"உனக்கு எப்படி..."

"மாடி வீட்டுக்காரர் சம்சாரம் அன்னைக்கே சொல்லிட்டா. நீங்க கேக்காம வந்த அந்த இன்னொண்ணையும் நான்தான் கேட்டுக்கிட்டேன்."

"சரக்கு குறையுதே?"

"ருசி பார்த்தேன்."

"ரெண்டு விரலா?"

"பின்ன? பதினோரு மாசமா நான் மட்டும் என்ன தின்னேன்? உங்க எதிர்ல காரம் வெச்சுச் சாப்பிட மனசு வரல. நானும் அதே பூசணிதான்."

அவள் தட்டை நான் பார்த்ததே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன்" என்றாள்.

"என்ன சொன்னார்?"

"புண்ணு ஆறிடுச்சாம். கொஞ்சமா சாப்பிடலாமாம்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"அதை என்கிட்டயே விட்டுட்டார்."

இரண்டு வாரம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை. வினிகர் விட்டு அரைத்தேன். அவள் தன் ரொட்டியில் ஒரு கரண்டி தடவினாள். ஒரு கடி. மூக்கு ஒழுகியது. உச்சி வேர்த்தது. "அம்மாடி!" என்றாள். முகம் பத்து வயது குறைந்து போயிற்று. நான் தட்டை நீட்டினேன்.

"நாக்கை நீட்டுங்க" என்றாள். கையில் காது மருந்து விடும் குழாய். புதிதாக வாங்கியதாம்.

ஒரு சொட்டு. முதலில் வாசனை. அடுத்து புளிப்பு. அப்புறம் சுள்ளென்று ஏறியது பாருங்கள், என் முப்பது வயது வந்து ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. கண் நிறைந்துவிட்டது. காரத்தால் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

"மூணு கிலோ மிளகாய் வாங்கி வெச்சிருக்கேன். நசுக்க ஆரம்பிங்க" என்றாள்.

இப்போது மாதாமாதம் நசுக்குகிறேன். அவளுக்கு ஒரு ஜாடி, அவள் தங்கைக்கு ஒன்று, மாடி வீட்டு அம்மாவுக்கு ஒன்று. எனக்கு ஞாயிறு தவறாமல் ஒரு சொட்டு உண்டு. வாரம் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தால்.