சலூன்காரரின் வலது முழங்கை

"இந்தக் கையில ஊசி ஏறாது. இது சத்தியம்!" என்று சலூன்காரர் மேசையில் ஓங்கி அடித்தார். அடித்தது இடது கையால். வலது கையால் அடித்திருந்தால் உயிர் போயிருக்கும்.

இருபத்தாறு வருஷம் கத்திரி பிடித்த கை அது. முழங்கைக்கு வெளிப்பக்கம் சதையை எலும்போடு கட்டும் நார் நைந்துவிட்டது. தைலம், பட்டி, மாத்திரை என்று இரண்டு வருஷம் போனதுதான் மிச்சம். போன வாரம் கத்திரி கைநழுவி வாடிக்கையாளர் மடியில் விழுந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. கை போனால் கடை போகும். கடை போனால் தான் யார் என்று அவருக்கே தெரியாது.

டாக்டரம்மா கத்தியே வேண்டாம் என்றார். மரத்துப்போக மருந்து போட்டு, ஸ்கேனில் பார்த்தபடி நைந்த இடத்தை ஊசியால் பல தடவை குத்தினால், உடம்பு விழித்துக்கொண்டு தானே பழுது பார்க்குமாம். 'பல தடவை' என்ற இடத்தில் சலூன்காரருக்கு வியர்த்துவிட்டது.

ஊசி போடாமலே, மறுநாளே அவருக்குக் குணமாகிவிட்டது! உள்ளங்கை கவிழ்ந்தால்தான் வலி, மல்லாந்தால் இல்லை என்ற சூட்சுமம் தெரிந்தவர். டம்ளரை அடியில் கைகொடுத்து ஏந்தினார்.

"பாத்தியா? வலி போயே போச்சு!"

அவர் டம்ளரை ஏந்திய விதத்தை மனைவி பார்த்தாள்.

"சந்தோஷங்க. எனக்குத்தான் இப்போ முழங்கை பிடிச்சுக்கிச்சு. உங்களுக்குக் குறிச்ச நேரத்துல நான் போகட்டுமா? ஆனா ஊசின்னா பயமா இருக்கு."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தன் துணியையெல்லாம் பிழிந்த கையல்லவா?

"அட பைத்தியமே, கால் மணி நேர வேலை. தையல்கூடக் கிடையாது."

"வலிக்காதா?"

"எறும்புக் கடி! பயந்து விட்டுட்டா கையே போயிடும்."

"நீங்களா இருந்தா?"

"நானா? சிரிச்சுக்கிட்டே கையை நீட்டுவேன்!"

மூன்று நாள் தைரியம் ஊட்டினார். ஆஸ்பத்திரி பெஞ்சிலும் விடவில்லை. பக்கத்தில் இருந்த ஆறு நோயாளிகளும் வாய்பிளந்து கேட்டார்கள். கதவு திறந்தது.

"சலூன்காரர், உள்ள வாங்க" என்றாள் நர்ஸ்.

"நீ பேரை மாத்தலையா?"

"மறந்துட்டேங்க" என்றாள் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு நீங்க சாப்பிடாமப் படுத்தீங்களே, அதுதாங்க எனக்கு வலி."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆறு பேரும் அவரையே பார்த்தார்கள். தவளை தன் வாயால் கெடும். எழுந்து உள்ளே போனார். கையை நீட்டினார். சிரிக்க மட்டும் மறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கிய கையோடு உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

"ஆமா, உன் முழங்கை?"

அவள் வாளியிலிருந்து கனத்த போர்வையை எடுத்தாள். கடைசிச் சொட்டு வரை முறுக்கிப் பிழிந்தாள்.

"உங்க பேச்சைக் கேட்டதுலயே சரியாப்போச்சுங்க."