பதினோரு நோட்டு, ஒரே பாடம்

கம்ப்யூட்டருக்கு உள்ள மொழிகளில் பதினொன்றில் வணக்கம் சொல்லத் தெரிந்தவர் கள்ளக்குறிச்சியிலேயே ஒருவர்தான். அதற்கு மேல் எந்த மொழியிலும் ஒரு வார்த்தை தெரியாதவரும் அவரேதான். எங்கள் லாட்ஜில் அவருக்குப் பெயர் 'மொதப்பாடம்'.

பகலில் உரக்கடையில் பில் போடுவார். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரே காரணத்துக்காக, நாலு வயது மூத்தவர் என்னை 'சார்' என்பார்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். கல்வராயன் மலையில் அவர் ஊருக்குப் போகும் பஸ் சில நாள் மலையேறாது. அது தெரியாமல் மேலே சனங்கள் சாமை மூட்டையோடு காலை முழுக்க நிற்பார்கள். அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் மச்சான் ஒரு பட்டனைத் தட்டினால் ஊரில் எல்லார் போனுக்கும் செய்தி போக வேண்டும்.

"போன்லயே சொல்லிடலாமேண்ணே?"

"ஒவ்வொருத்தருக்கா போட்டுக்கினு இருந்தா அவன் டீ எப்ப சார் ஆத்துறது?"

எந்த மொழியில் ஆரம்பிப்பது என்பதில்தான் சிக்கல். செல்போன் கடைக்காரர் ஜாவா என்பார். யூரியா வாங்க வந்தவரின் பெங்களூர் மருமகன் வேறொன்று சொல்வான். ஒவ்வொரு தடவையும் புது நோட்டு, நாலு மூலைக்கும் மஞ்சள், பிள்ளையார் சுழி, முதல் பாடம். இரண்டாம் பாடத்துக்குள் அடுத்த ஆலோசகர் வந்துவிடுவார்.

கடைசியில் சாமியிடமே கேட்டுவிட்டார். பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பதுபோல, பதினோரு பெயரையும் இலைப் பொட்டலமாகக் கட்டி, லாட்ஜ் வாசல் பிள்ளையார் முன்னால் குலுக்கிப் போட்டு, வாட்ச்மேனை ஒன்றை எடுக்கச் சொன்னார். "கேஸு எதுனா வந்துடுமாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் எடுத்தார். வந்தது பைத்தான்.

ஆரம்பத்தில் உங்களிடம் கொஞ்சம் பொய் சொல்லிவிட்டேன். பைத்தானில் அவர் இரண்டாம் பாடத்தைத் தாண்டினார். ஒரு மாதம் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் சென்டருக்கு வந்து எதையோ தட்டினார். என் போன் அதிர்ந்தது. 'இன்னிக்கி பஸ்ஸு வராது. வூட்டுக்குப் போங்க.'

என் மாணவிகள் கைதட்டினார்கள். அங்கேதான் எனக்கு வலித்தது. எனக்குத் தெரிந்தது 'சி' மட்டும்தான். பைத்தானில் அன்றைக்கு நான் முதல் பாடம்கூடப் படித்ததில்லை.

"இதெல்லாம் விளையாட்டு மொழிண்ணே. சி தெரியாம இதுல எறங்கினா அஸ்திவாரம் இல்லாம வூடு கட்டுற மாதிரி."

"அப்ப இது தப்புங்களா சார்?"

"மொதல்லேர்ந்து வாங்க" என்றேன். மறுநாள் அவர் மேஜையில் சி நோட்டு இருந்தது. மூலைகளில் மறுபடியும் புது மஞ்சள். மூன்றாவது மாதம் வேலையை விட்டுவிட்டு மலைக்கே போய்விட்டார். நோட்டுகளை என்னிடம் கொடுத்து, "மீதிப் பக்கம் யாருக்காவது ஆவும் சார்" என்றார்.

இன்று நான் சாப்பிடுவது பைத்தான் சோறு.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். அடிவாரத்தில் மத்தியானம் வரை மூட்டைகளுக்கு நடுவே நின்றேன். பஸ் வரவில்லை. போன் போட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்.

"அந்த புரோகிராம் இன்னாச்சுண்ணே?"

"தப்புன்னீங்களே சார், அழிச்சிட்டேன்." துளி வருத்தமில்லாமல் சொல்லிவிட்டு என் பையை வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டார்.

பாதி மலையில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்: "அது தப்பில்லண்ணே. நான்தான் தப்பு."

வண்டிச் சத்தத்தில் கேட்டதோ என்னவோ. "கெட்டியா புடிச்சிக்கங்க சார்," என்றார். "வளைவு ஜாஸ்தி."