‘இருந்தது’ என்று சொல்லவும்

"அந்த ஸ்கேட்டிங் அரங்கமா? பாவம், அதை மூடி எத்தனையோ வருஷம் ஆச்சே!"

அயோவாவின் ஓல்மன் நகரத் தபால் நிலைய வரிசையில், முன்னால் நின்ற பெண்மணி யாரிடமோ இப்படிச் சொன்னது கோரின் ஹாஸ்கெட்டின் காதில் விழுந்தது. கோரின் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டாள். அதில் கட்டுப் போட்டிருந்தது. முந்தின நாள் மாலைதான் அந்த அரங்கத்தில் சக்கரக் காலணியோடு வழுக்கி விழுந்திருந்தாள்.

அரங்கம் மூடப்படவில்லை; மூடப்படவிருந்தது. நகர மன்றம் அதை இடித்துவிட்டுக் கார் கழுவும் நிலையம் கட்டுவதாகத் தீர்மானித்திருந்தது. தடுக்க ஒரே வழி, அரங்கத்தை மாநிலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ப்பது. சேர்ப்பதற்கு ஓர் ஆவணப்படம் வேண்டும். ஊரில் படம் எடுக்கத் தெரிந்தவள் கோரின் ஒருத்திதான். அரங்கத்தின் சொந்தக்காரி வெர்னா டாலெஃப்சனுக்கு வயது எழுபத்தொன்று. அவளுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

ஒரு மாதத்தில் கோரின் படத்தை முடித்து, மாநில வரலாற்று ஆவணப்பட அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். மதிப்பீட்டு அதிகாரி டுவைட் பொமர்லோ கடைசிவரை கண் இமைக்காமல் பார்த்தார். பிறகு, நோயாளியின் உறவினரிடம் பேசும் மருத்துவரைப் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"இதுல எல்லாரும் சிரிக்கிறாங்களே, மிஸ் ஹாஸ்கெட்."

"ஸ்கேட்டிங் பண்ணும்போது சிரிப்பு வரும் சார்."

"பண்ணும்போது வரலாம். வரலாறு ஆகும்போது வரக் கூடாது. சரி, இந்த அம்மா யாரு?"

"வெர்னா. நாற்பத்தாறு வருஷமா அரங்கத்தை நடத்துறாங்க."

"அவங்க பின்னாடி அலமாரியில ஒரு புத்தகத்தையும் காணோமே?"

"அது ஸ்கேட் வைக்கிற அலமாரி சார்."

"புத்தகம் இல்லாம ஒருத்தர் வரலாறு பேசினா யாரு நம்புவா? ஒரு பேராசிரியரைப் போடுங்க. தாடி இருந்தா நல்லது."

தாடியோடு ஒரு பேராசிரியர் கிடைத்தார். அவர் வாழ்நாளில் ஸ்கேட்டைத் தொட்டதில்லை என்பதால் அவருடைய பார்வை நடுநிலையானது என்று அலுவலகம் பாராட்டியது. வெர்னா ‘கிடைத்துள்ள சான்றுகள்’ என்ற தலைப்பின் கீழ் பதினொரு வினாடிகளாகச் சுருக்கப்பட்டாள். அவள் வாசித்த துள்ளலான ஆர்கன் இசை போய், அழுகிற பிடில் வந்தது. ஹாட் டாக் தின்னும் ஒரு குடும்பத்தின் பழைய புகைப்படத்தை நோக்கிக் கேமரா ஒரு நிமிஷம் முழுக்க ஊர்ந்தது. பிடிலோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தக் குடும்பம் ஹாட் டாக்கைத் தின்றுவிட்டு நேரே போர்முனைக்குப் போகப்போவது போலிருந்தது.

பொமர்லோ உருகிப்போனார். "அருமை! இன்னும் ஒரே ஒரு பிழை. ‘இருக்கிறது’ன்னு வருது. ‘இருந்தது’ன்னு வரணும்."

"ஆனா அது இருக்கே சார்!"

"விதி ஒன்பதைப் படிங்க. பாரம்பரியம்னா இழந்தது. நீங்க இன்னும் எதையுமே இழக்கலையே, மிஸ் ஹாஸ்கெட். அப்புறம் நாங்க எப்படிக் காப்பாத்தறது?"

இதைக் கேட்டு வெர்னா வயிறு குலுங்கச் சிரித்தாள். "அதுக்கென்ன கண்ணு, வர்ற செவ்வாய்க்கிழமை இழந்துடுவோம். செவ்வாய்க்கிழமை எப்படியும் ஒருத்தரும் வர்றதில்லை."

செவ்வாய்க்கிழமை அரங்கம் இழக்கப்பட்டது. வெர்னா தினமும் தரையைத் துடைப்பவள், தூசி இல்லை. பக்கத்து பேக்கரியில் மாவு வாங்கித் தூவி, நடுவில் ஒற்றை ஸ்கேட்டை வைத்துப் படம் எடுத்தார்கள்.

நூலகத்தில் படம் திரையிடப்பட்டபோது ஊரே அழுதது. இடிக்கத் தீர்மானம் போட்ட மேயர் எழுந்து நின்று, "நம்ம கண்ணு முன்னாடியே இது போயிடுச்சே!" என்று தழுதழுத்தார்.

"நானும் அழுதுட்டேன் கண்ணு" என்றாள் வெர்னா. "நான் எப்ப செத்தேன்னு மட்டும் அந்தத் தாடிக்காரர் சொல்லலை."

அடுத்த வாரம் ஆணை வந்தது. அரங்கம் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தது. இனி அதை எவரும் இடிக்க முடியாது. மேலும், படத்தில் கண்டுள்ள நிலையிலேயே, அதாவது மூடிய நிலையிலேயே, அது என்றென்றும் பாதுகாக்கப்பட வேண்டும்.

கோரின் மூன்று முறை படித்தாள். "கடைசியில நானே மூடிட்டேன், வெர்னா."

"அழாத. பாரம்பரியச் சின்னத்துல என்னதான் செய்யலாம்னு பாரு."

கோரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். "அந்தக் காலத்துல எப்படி வாழ்ந்தாங்கன்னு நடிச்சுக் காட்டலாம். பழைய போர், கொல்லன் பட்டறை, அந்த மாதிரி. ஆனா அந்தக் காலத்து உடைதான் போடணும்."

"எந்தக் காலம்?"

"படத்துல கடைசியா காட்டின காலம்."

"அது போன மாசம் செவ்வாய்க்கிழமை" என்றாள் வெர்னா.

‘இங்கே மக்கள் ஸ்கேட்டிங் செய்த விதம், சனிக்கிழமைதோறும் நடித்துக் காட்டப்படும்’ என்று கதவில் எழுதி ஒட்டினாள். திறந்திருந்தபோது எட்டிப் பார்க்காதவர்களெல்லாம், போன மாதச் சட்டைகளை இஸ்திரி போட்டு அணிந்து, பேக்கரியைத் தாண்டி வரிசையில் நின்றார்கள். நகர மன்ற உறுப்பினர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். "நம்ம முன்னோருங்க இப்படித்தான் சந்தோஷமா இருந்தாங்க" என்று ஒருவர் தன் மகளுக்கு விளக்கினார்.

மூன்றாவது சனிக்கிழமை, வரலாற்றுத் துல்லியத்தைப் பரிசோதிக்க பொமர்லோ குறிப்பேட்டோடு வந்தார். அரை மணி நேரம் ஓரமாக நின்று பார்த்தார்.

"எல்லாம் சரி. விழறது மட்டும் கொஞ்சம் மிகையா இருக்கு, மேடம்."

"அப்படியா? துல்லியமா எப்படி விழணும்?" என்றாள் வெர்னா.

பொமர்லோ இருபக்கமும் பார்த்தார். குறிப்பேட்டை கோரினிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, பதினோராம் அளவு ஸ்கேட் கேட்டார்.